தேங்காய் நார் தேய்த்த சவ்வு

உங்களுக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது இரண்டு பேருக்கும் விவரம் புரிகிற வயது வந்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்போது வேலை செய்தேன். உங்கள் அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போவாள். எனக்குத் தண்ணீர் வேலை. காலையில் மோட்டார் போட்டுப் பங்களாத் தொட்டியை நிரப்ப வேண்டும். குழாய் உடைந்தால் ஒட்ட வேண்டும். சனிக்கிழமையானால் பங்களா சமையல்கட்டில் இருக்கிற பில்டரைக் கழுவ வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மேல் பாத்திரத்துக்குள் வெள்ளைக் களிமண்ணில் சுட்ட குழாய் இரண்டு நிற்கும். கேண்டில் என்பார்கள். தண்ணீர் அதற்குள் கசிந்துதான் கீழே இறங்கும். ஒரு வாரத்தில் அதன் மேல் பாசியும் மண்ணும் படிந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றுவிடும். அதைக் கழற்றித் தேங்காய் நாரால் தேய்ப்பேன். நன்றாக அழுத்தித் தேய்த்தால் பழுப்பெல்லாம் போய்ப் புதிதுபோல வெளுக்கும், தண்ணீரும் பழையபடி வரும். பங்களா அம்மா கேண்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு புள்ளி இருந்தாலும் திரும்பத் தேய்க்க வேண்டும். எட்டு வருஷம் அப்படித் தேய்த்தவன் நான். அடைத்த பில்டருக்கு நார்தான் மருந்து என்பது கைக்குப் பழகிப்போனது. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

பங்களாத் தண்ணீர் மேலே பாறை இடுக்கில் ஊறுகிற சுனையிலிருந்து வந்தது. வேலைக்காரர்கள் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு ஓடைத் தண்ணீர். சுனைக்கும் லைனுக்கும் நடுவில்தான் பழம் உரிக்கிற பல்பர் மெஷின் இருந்தது. கார்த்திகையிலிருந்து தை முடிகிற வரைக்கும் மெஷின் ஓடும். உரித்த தோலும் கொழகொழப்பும் கழுவின தண்ணீரும் எல்லாம் ஓடையில்தான் விழும். ஓடை பழுப்பாக நுரைத்துக்கொண்டு, புளித்த கள் மாதிரி நாறிக்கொண்டு வரும். அதையே லைன் தொட்டியில் பிடித்து, துணியில் வடிகட்டி நாங்கள் குடிப்போம். வருஷா வருஷம் அந்த மாதங்களில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. ஒரு குழி வெட்டி அந்தத் தண்ணீரை அதில் விடுங்கள் என்று ரைட்டரிடம் பல தடவை கேட்டோம். ரைட்டர் என்றால் எஸ்டேட் ஆபீசில் ஆள் பேர் எழுதி வேலை பிரித்துக் கொடுப்பவர். துரையிடம் எதுவும் போக வேண்டுமானால் அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

"பாக்கலாமுங்க" என்பார். "இந்த வருசம் பழம் சாஸ்தி. அடுத்த வருசம் பாக்கலாம்."

உங்கள் அக்காவுக்கு மூன்று வயதில் ரத்தமாகப் போனது. ஏற்காடு டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"குழந்தைக்கு உடம்புல பிடிமானமே இல்லை. இப்படி அடிக்கடி வந்தா தாங்காது. மருந்து நான் குடுக்கறேன், தண்ணிய நீங்கதான் பாக்கணும்."

அன்றைக்குப் பிறகு வீட்டில் உங்கள் அம்மா தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்கவில்லை. ஆனால் பறிப்புக்குப் போகிற நாளெல்லாம் பிள்ளையை லைன் கொட்டகையில் விட்டுப் போக வேண்டும். அங்கே பதினைந்து இருபது குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஒரு ஆயா, ஒரு குழாய். குழந்தைக்குத் தாகம் எடுத்தால் குழாயில்தான் வாய் வைக்கும். வீட்டுக் குடத்தைக் காய்ச்சலாம், கொட்டகைக் குழாயை எப்படிக் காய்ச்சுவது?

அடுத்த வருஷம் கோடையில் கீழே ஒரு காலேஜிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு சார், அவரிடம் ஆராய்ச்சி படிக்கிற ஒரு பெண். தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு புதுச் சவ்வு செய்திருக்கிறார்களாம், மலைத் தண்ணீரில் வைத்துப் பார்க்க இடம் தேடினார்களாம். துரை உடனே சரி என்றுவிட்டார். ஏன் உடனே சரி என்றார் என்பது எங்களுக்குப் புரிந்தது. சவ்வு வந்துவிட்டால் குழி வெட்ட வேண்டாம்.

அந்தப் பெண் லைனுக்கு வந்து, எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சவ்வைக் காட்டினார். வெள்ளைக் காகிதம்போல, வட்டமாக, தோசை அகலம். தொட்டால் பஞ்சுக்கும் துணிக்கும் நடுவாந்தரமாக இருந்தது.

"பலாப்பழம் அரியறப்ப கையில பால் ஒட்டும் பாருங்க, அதை விரலால இழுத்தா நூலா வருமில்ல? அதே மாதிரி ஒரு பசையை எடுத்து, கரண்டு வெச்சு இழுப்போம். தலைமுடியை நூறா கிழிச்சா எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மெல்லிசான நூல் வரும். அது ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து விழுந்து இந்தச் சவ்வு ஆகுது. நூலுக்கு நடுவுல இருக்கற ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தண்ணி நுழைஞ்சு போயிரும். வயித்தாலப் போக வைக்கற கிருமியால நுழைய முடியாது."

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி கேட்டாள். "ஏனுங்க, எங்க மாமியா வாய்க்கும் இதுல ஒண்ணு கட்டலாமுங்களா? நல்ல பேச்சு மட்டும் வெளிய வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். இதற்கு அக்கா தங்கச்சி மாதிரி வேறு வகைச் சவ்வுகள் உண்டு, கடற்கரை ஊர்களில் உப்புத் தண்ணீரை அழுத்தி அதன் வழியாக விட்டுக் குடிக்கிற தண்ணீர் ஆக்குகிறார்கள், இதையும் ஒரு நாள் அந்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை என்றார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கடலையே குடிக்க வைக்கிறவர்களுக்கு எங்கள் ஓடை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

லைன் தொட்டிக்குக் கீழே தகரம் வேய்ந்து ஒரு சின்ன அறை கட்டினார்கள். அதற்குள் டிபன் கேரியர் மாதிரி ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சவ்வு. நாலு பக்கமும் காது வைத்த திருகு போட்டு இறுக்கியிருந்தது. மேலே தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரின் கனமே போதும், மோட்டார் வேண்டாம். சுத்தத் தண்ணீர் கொட்டகைக் குழாய்க்கும் லைன் குழாய்க்கும் போகும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் ரைட்டர் என்னைக் காட்டினார்.

"பங்களா பில்டரு இவன் கையிலதாங்க இருக்குது. நொம்ப சுத்தக்காரன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒரு வால்வைக் காட்டி, வாரம் ஒரு தடவை இதைத் திருப்பிவிட்டால் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடிப் படிந்த அழுக்கைத் தள்ளிவிடும், பத்து நிமிஷம் விட்டால் போதும் என்றார். ஒரு நோட்டுக் கொடுத்து, திருப்புகிற தேதியையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். கதவின் உள்பக்கம் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. கேட்டிருக்கலாம். சுத்தக்காரன் என்று பேர் வாங்கின அன்றைக்கே எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களும் படித்துச் சொல்லவில்லை. சவ்வைத் திறந்து எவனாவது கை வைப்பான் என்பது அவர்கள் நினைப்பிலேயே வந்திருக்காது.

முதல் ஐந்து மாதம் போல எங்களுக்கு நல்ல காலம் வந்ததில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அந்தப் பெண் மாதம் ஒரு தடவை வந்து குப்பியில் பிடித்துப் போவார். வந்தால் உங்கள் அக்காவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அறைக்குள் போவார். அவளுக்கு நாலு வயது. கன்னத்தில் சதை போட்டிருந்தாள்.

உங்கள் அம்மா அப்போதும் காய்ச்சினாள். நான்தான் நிறுத்தினேன்.

"இன்னும் எதுக்குக் காச்சற? வெறகை வீணாக்கிட்டு."

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"டாக்டரம்மா சவ்வு வாரதுக்கு முன்னால சொன்னாங்க. என்ற கையில இருக்கற பில்டரு மேல உனக்கு நம்பிக்கை இல்லீங்களா?"

நான் கிண்டலுக்கு ‘இல்லீங்களா’ போட்டதும் அவள் சிரித்துக்கொண்டு அடுப்பிலிருந்து குண்டாவை இறக்கினாள்.

கார்த்திகையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. பழத்தின் கொழகொழப்பு சவ்வில் போய் அப்பியது. மூன்றாவது வாரமே தண்ணீர் நூல்போல ஆகிவிட்டது. நான் வாரத்துக்கு ஒரு தடவை திருப்புவதை விட்டுத் தினமும் திருப்பினேன், அதையும் நோட்டில் எழுதினேன். அரை நாள் நன்றாக வரும், மறுபடி நூல் ஆகிவிடும். காலையில் பறிப்புக்குப் போகிற பெண்கள் குடத்தை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். சங்கு ஊதுவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். வரிசையில் என்னைப் பார்த்தாலே பேச்சு ஆரம்பிக்கும்.

"ஏனுங்க சுத்தக்காரரே, உங்க குழா ஒண்ணுக்கு வராத கெழவன் மாதிரியில்ல சொட்டுது."

"அவரைச் சொல்லாதக்கா. அவரு பங்களாவுக்குத்தான் தேச்சுக் குடுப்பாரு. நமக்கு எதுக்குத் தேய்க்கறாரு?"

"ஆமா, லைன்காரி வாயி தானே. காஞ்சா காயட்டும்."

இந்தக் கடைசிப் பேச்சு என்னைத் தைத்தது. பங்களாவுக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று என்று நான் செய்ததில்லை. அந்தச் சனிக்கிழமை பங்களாக் கேண்டிலை வழக்கம்போலத் தேய்த்துவிட்டு, அதே நாரைக் கையில் எடுத்துக்கொண்டு லைனுக்கு இறங்கினேன். திருகைக் கழற்றினேன். ஐந்து சவ்வும் பழுப்பேறிக் கஞ்சிப் பாத்திரம் மாதிரி பிசுபிசுத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, பலகை மேல் விரித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ். பங்களாவில் எவ்வளவு அக்கறையாகத் தேய்ப்பேனோ அதைவிட அக்கறையாகத் தேய்த்தேன். உங்கள் அக்கா என் எதிரே குத்த வைத்து உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை வெளேர் என்று ஆனதும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. திரும்ப அடுக்கி இறுக்கினேன்.

குழாயைத் திறந்ததும் பீச்சிக்கொண்டு வந்தது. புதிதாக வைத்த அன்றைக்குக்கூட அப்படி வந்ததில்லை. பெண்கள் குடத்தை மாற்ற முடியாமல் திணறினார்கள். கேலி செய்தவளே, "அண்ணன் கைய வெச்சா கையிதான்" என்றாள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. புதுச் சவ்வைவிட வேகமாக வருகிறதே, ஏன் என்று நான் ஒரு தரம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தவன் எதை யோசிப்பான். நோட்டில் அந்தத் தேய்ப்பை எழுதவும் இல்லை. தண்ணீர் திருப்பினதைத்தானே எழுதச் சொன்னார்கள்.

பத்து நாள் ஆகவில்லை, கொட்டகையில் ஏழு குழந்தைகளுக்குப் போக்கு. பெரியவர்கள் மூன்று பேர் படுத்தார்கள். உங்கள் அக்காவைப் போர்வையில் சுற்றி எஸ்டேட் ஜீப்பில் டவுனுக்குக் கொண்டுபோனோம். அந்தத் தடவை பிழைத்தாள். ஆனால் கன்னம் போனது போனதுதான். முட்டி மட்டும் தனியாகத் தெரிந்தது. டாக்டரம்மா என்னிடம், "தண்ணியப் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண்ணும் சாரும் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் நான் அடுக்கைப் பிரித்து ஒரு சவ்வை வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்திருந்தேன். தேய்த்த அன்றைக்குக் கண்ணில் படாதது அப்போது பட்டது. மெல்லிசாக, சீப்பு வாரினதுபோலக் கோடுகள். எனக்குப் புரிந்துவிட்டது. ரைட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாய மூடிட்டு இரு சாமி. ஏழு புள்ளை படுத்திருக்குது. நீ தேச்சேன்னா எல்லாம் உன்ற தலையில விடியும். வேலையும் போயிரும், ஊட்டையும் காலி பண்ணோணும். அந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவ? அவங்க காலேசுக்காரங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆன குழந்தை வீட்டில் படுத்திருந்தாள். லைன் வீடு வேலைக்காகக் கொடுத்தது. வேலை இல்லையென்றால் வீடு இல்லை. இதை நான் நியாயம் சொல்வதற்காக எழுதவில்லை கண்ணுகளே. அந்த நேரத்தில் மனதுக்குள் என்ன ஓடியதோ அதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் சவ்வை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகம் வாடிப் போயிருந்தது. கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"அண்ணே, இதை யாராவது தொறந்தாங்களா? குழந்தைங்க, குரங்கு, ஏதாவது?"

"இல்லீங்க."

"நீங்க எப்பவாவது வெளிய எடுத்தீங்களா?"

"எடுக்கலீங்க. வால்வு மட்டுந்தான் திருப்புவேனுங்க."

சார் சவ்வைப் பார்த்துவிட்டு, "கோடு நேரா இருக்கே, எதுவோ உராய்ஞ்ச மாதிரி" என்றார். அந்தப் பெண் என் நோட்டைப் பிரித்து அவரிடம் காட்டினார்.

"சார், இவர் ஒரு நாள் விடாம தேதி போட்டு எழுதியிருக்கார். நம்ம லேப்லகூட இப்படி எழுத மாட்டாங்க. இவர் பொய் சொல்ல மாட்டார். இவர் கையிலயே தாங்கலைன்னா தப்பு நம்ம சவ்வுலதான். பழத் தண்ணில ஊறி நூல் இத்துப் போயிருக்கணும்."

என்னைத் திட்டியிருந்தாலாவது உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நம்பினார்கள். அதற்குமேல் என் வாய் திறக்கவில்லை. ஐந்து சவ்வையும் ஒவ்வொரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஆட்கள் வந்து அடுக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த மலைத் தண்ணீருக்கு இந்தச் சவ்வு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்களாம். தகர அறையில் எஸ்டேட்டுக்காரர்கள் உர மூட்டை அடுக்கினார்கள். குழி வெட்டுங்கள் என்று கேட்கப் போனபோது ரைட்டர், "பில்டரே வெச்சுப் பாத்தமே, அதுவே நிக்கலை. குழி மட்டும் நிக்குமாக்கும்?" என்றார். முன்பாவது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

உங்கள் அம்மா மறுபடி தண்ணீரைக் காய்ச்சினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நார் எடுத்துக்கொண்டு நான் இறங்கினதை அவள் பார்த்திருந்தாள்.

வீட்டில் காய்ச்சினோம், கொட்டகையில் பழையபடி ஓடைத் தண்ணீர். ஒரு பாட்டிலில் காய்ச்சின தண்ணீரை ஊற்றி உங்கள் அக்காவின் தோளில் அம்மா மாட்டிவிடுவாள். ஐந்து வயதுக் குழந்தை அதைத் தன் சேக்காளிகள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தான் குழாயில் வாய் வைத்திருக்கிறாள். ஆயா பிறகு சொன்னாள். அடுத்த மார்கழியில் காய்ச்சல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் அதே கட்டில்தான் கிடைத்தது. ஐந்தாவது நாள் போய்விட்டாள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது, நீங்களும் அம்மாவிடம் கேட்க வேண்டாம்.

நாற்பது நாள் கழித்து வேதக்கோவிலில் என் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். சாமியார் முழுதும் கேட்டார். தெரியாமல் செய்தது பாவம் இல்லை, பொய் சொன்னது பாவம், கடவுள் மன்னிக்கிறார் என்று சொல்லி ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் முட்டிபோட்டு எழுந்தபோது எனக்குத் தோன்றியது, நான் பொய் சொன்னது கடவுளிடம் இல்லையே. அந்தப் பெண்ணிடம்தானே சொன்னேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அடிவாரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் காலேஜைத் தேடிப் போனேன். அந்தப் பெண் படிப்பு முடிந்து வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். சார் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போடச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். நான்தான் தேய்த்தேன், நாரால் தேய்த்தேன், கேட்டபோது இல்லை என்றேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். அதில் இரண்டு படம் ஒட்டியிருந்தது. பெரிய மெஷினில் வைத்து ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எடுத்த படமாம். முதல் படத்தில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன, சிலந்தி வலையை ஆயிரம் தடவை மடித்ததுபோல. தேய்க்காத சவ்வு. இரண்டாவது படத்தில் அதே நூல்கள் அறுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தன. நடுவில் ரோடு போட்டதுபோல ஒரு வெற்றிடம். அந்த ரோட்டில் கிருமி என்ன, மாட்டு வண்டியே போகும் என்று தோன்றியது. ஒரு நார் இழை போன வழி அது. நான் எத்தனை நூறு தரம் தேய்த்தேன்.

"அன்னிக்கே ஏங்க சொல்லலை?"

"வேலை போயிருமின்னு பயந்தேனுங்க."

"அட, நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோமே. புதுசு மாட்டிட்டு, யாரும் கை வெக்காதபடி மேல ஒரு கம்பி வலையைப் போட்டிருப்போம். அவ்வளவுதான் வேலை." பீரோவின் கீழ்த்தட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைகளில் வட்ட வட்டமாகச் சவ்வுகள் அடுக்கியிருந்தன. "உங்க எஸ்டேட்டுக்குன்னு அந்தப் பொண்ணு ராப்பகலா உக்காந்து செஞ்சு வெச்சது. எட்டு இருக்கு."

நான் எண்ணிப் பார்த்தேன். எட்டு இருந்தது.

"இப்ப வந்து வெக்க முடியுங்களா?"

அந்த வேலை முடிந்து அறிக்கையும் மேலே போய்விட்டது, இனிமேல் அதற்கு ஜீப்பும் கிடையாது ஆளும் கிடையாது என்றார். பிறகு, "உங்க பாப்பா எப்படி இருக்குது? அந்தப் பொண்ணு கடுதாசி எழுதறப்பெல்லாம் கேக்கும்" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு இதை எழுத வேண்டாமுங்க என்று நான் கேட்டுக்கொண்டேன். எழுதினாரா இல்லையா, தெரியாது.

மலை ஏறினதும் வீட்டுக்குப் போகாமல் நேராக எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். இனி எதற்குப் பயம். ரைட்டர் தடுத்தும் கேட்காமல் துரையின் மேஜை முன்னால் போய் நின்று, போன வருஷம் சவ்வு கிழிந்தது என்னால்தான், காலேஜுக்காரர்களிடம் பொய் சொன்னதும் நான்தான், வேலையை விட்டு நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்தச் சவ்வு?"

ரைட்டர் பின்னாலிருந்து விளக்கினார்.

"ஓ, அதுவா. அது முடிஞ்சு போச்சே. அதுக்கு எதுக்கு உன்னை நிறுத்தோணும்? போ, பங்களாத் தொட்டில தண்ணி இல்லைன்னு அம்மா காலையிலிருந்து சொல்லிட்டு இருக்கறாங்க."

வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு வருஷம் பயந்து கிடந்தேன். ஆனது இவ்வளவுதான். நான் போய் மோட்டாரைப் போட்டேன்.